டர்பனில் கேமிங் கம்ப்யூட்டர்: எந்தப் பாகத்தை எங்கே வாங்கினேன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கம்ப்யூட்டர் பாகங்களுக்கென்று ஒரு தெரு கிடையாது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு பக்கம் நுழைந்தால் பட்டியலில் உள்ளதை எல்லாம் வாங்கிக்கொண்டு மறுபக்கம் வெளியே வந்துவிடலாம். அந்தப் பழக்கத்தோடு இங்கே கிளம்பினால் அலைச்சல்தான் மிச்சம். மால்களில் உள்ள பெரிய கடைகளில் லேப்டாப் உண்டு, பிரிண்டர் உண்டு, விளக்கெரியும் ஹெட்செட் அடுக்கடுக்காக உண்டு. மதர்போர்டு என்று கேட்டால் கடைப் பையன் உள்ளே போய் யாரையாவது கூட்டி வருவான். வந்தவர் "ஆர்டர் போட்டுத் தரலாம்" என்பார். ஆர்டர் போடத்தான் என் வீட்டிலேயே இன்டர்நெட் இருக்கிறதே!

உதிரிப் பாகம் விற்கிறவர்கள் பெரும்பாலும் ஆன்லைனில்தான் இருக்கிறார்கள். எவ்டெக் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துச் செஞ்சூரியனில் இருக்கிறது, வூட்வேர் மேற்குக் கேப் மாகாணத்தில். டேக்அலாட் என்ற பெரிய ஆன்லைன் கடையிலும் கிடைக்கும். ஆனால் விற்பது டேக்அலாட்டா, அதற்குள் கடை போட்டிருக்கும் வேறொருவரா என்று விலைக்குக் கீழே பார்த்துக்கொள்ள வேண்டும். கடைகளுக்குச் சரக்கு கொடுக்கும் ரெக்ட்ரான், மஸ்டெக், பினக்கிள் போன்ற மொத்த விநியோகஸ்தர்கள் எல்லாம் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய மிட்ரண்ட் பக்கம். ஆக, கப்பலில் வருகிற ஒரு கேபினெட் (பாகங்களைப் பூட்டும் பெட்டி) டர்பன் துறைமுகத்தில் இறங்கி, என்3 நெடுஞ்சாலையில் 570 கிலோமீட்டர் ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஏறிப் போய், கூரியர் வண்டியில் அதே சாலையில் திரும்பி சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டு வாசலுக்கு வருகிறது. துறைமுகம் இங்கிருந்து அரை மணி நேரம் கூட இல்லை. இதைச் சொன்னபோது பக்கத்து வீட்டு அங்கிள், "இங்க எல்லாம் அப்படித்தான் தம்பி" என்று சிரித்தார்.

அங்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான்காம் தலைமுறை டர்பன் தமிழர். டிவி ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பாதி ஆங்கிலம் பாதி தமிழ். கம்ப்யூட்டரைப் பற்றி அதிகம் தெரியாது, ஆனால் யாரிடம் எதை வாங்கக் கூடாது என்பது அத்துப்படி. இந்தத் தேடலில் எனக்கு அதுதான் அதிகம் உதவியது.

என்ன கட்டுவது என்பதில் பெரிய யோசனை இல்லை. மகனிடம் இருப்பது 1080பி மானிட்டர், அதற்குப் போதுமானது வேண்டும். புதிய ஏஎம்5 வகை மதர்போர்டுக்குப் போனால் டிடிஆர்5 என்ற புது வகை ராம்தான் போட முடியும், மொத்தச் செலவும் ஏறும். அதனால் முந்தைய வகையான ஏஎம்4: ரைசன் 5 5600 ப்ராசசர், பி550 போர்டு, 8 ஜிபி ராம் குச்சிகள் இரண்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு. ப்ராசசர் 65 வாட், கார்டு 132 வாட். எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் 550 வாட் இருந்தால் தாராளம். கடைக்காரர்கள் 750 வாங்கச் சொல்வார்கள். தேவையில்லை.

முதலில் எல்லோரையும் போல விலையைத்தான் துரத்தினேன். பிரைஸ்செக் தளத்தில் ஒரே போர்டுக்குப் பல விலை தெரியும். அதில் கவனிக்க வேண்டியது கூரியர் கட்டணம். மூன்று பாகத்தை மூன்று கடையில் மலிவாகப் பிடித்தால் மூன்று கூரியர் கட்டணம் சேர்ந்து மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். இன்னொன்று, தெரிந்தவர் மூலம் வருகிற டீலர் விலைப் பட்டியல். அங்கிளின் மருமகன் ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பினார். பார்த்ததும் மனம் துள்ளியது. கீழே பொடி எழுத்தில் வாட் வரி சேர்க்காத விலை என்று இருந்தது. 15 சதவீதம் கூட்டிப் பார்த்தால் எவ்டெக் விலையோடு ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா என்றும் கணக்குப் போட்டேன். இறக்குமதிக்கு வாட் வரி போடும்போது பொருளின் மதிப்பில் முதலில் 10 சதவீதம் கூட்டி, சுங்க வரி ஏதும் இருந்தால் அதையும் சேர்த்து, அந்தத் தொகைக்குத்தான் 15 சதவீதம் பிடிக்கிறார்கள். அதற்கு மேல் கூரியர் நிறுவனம் சுங்க வேலைக்கென்று தன் கட்டணத்தையும் போடும். ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் சொல்லிவிடுவது இன்னொரு வழி. ஒருவர் 5,000 ரேண்ட் மதிப்புக்குள் வரியில்லாமல் கொண்டுவரலாம். அதற்கு மேல் 20,000 ரேண்ட் வரை ஒட்டுமொத்தமாக 20 சதவீதம் கட்டலாம். எஸ்எஸ்டி மாதிரி சின்னப் பொருளுக்கு இது சரி. மற்றதற்கு ஒத்துவராது. வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். கார்டு படுத்துக்கொண்டால் அதைச் சென்னைக்கு யார் கையில் கொடுத்தனுப்புவது?

இந்த இடத்தில்தான் பட்டியலை மறுபடி எழுதினேன். எங்கே மலிவு என்று பார்ப்பதை விட்டுவிட்டு, கெட்டுப்போனால் யார் திருப்பி வாங்கிக்கொள்வார் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே எழுதினேன். சட்டம் இங்கே வாங்குகிறவர் பக்கம் நன்றாகவே இருக்கிறது. 2002ஆம் ஆண்டு மின்னணு வணிகச் சட்டப்படி ஆன்லைனில் வாங்கிய பொருளைக் கையில் வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் கொண்டுபோய்ப் பழுதுபார்ப்பா, மாற்றா, பணமா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இது வியாபாரமாக விற்கிறவருக்குத்தான். பேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் தன் பழைய கார்டை விற்கும் பையனிடம் இந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது.

அப்புறம் எல்லாம் தானாகப் பிரிந்தது. எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, எஸ்எஸ்டி மூன்றும் புதிதாக, ஒரே ஆன்லைன் கடையில், ஒரே கூரியரில். பழைய எஸ்எம்பிஎஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொட மாட்டேன். இந்த ஊர் கரண்ட் பல வருஷம் போய்ப் போய் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அதன் அடியை முதலில் வாங்கியது எஸ்எம்பிஎஸ்தான். ப்ராசசர் சீக்கிரம் கெடுகிற சாமான் இல்லை, எங்கே வாங்கினாலும் சரி. பெட்டியோடு வருவதில் கூலரும் இருக்கும், ட்ரே என்று போட்டு விற்பதில் இருக்காது. போர்டுப் பெட்டியின் மேல் ரைசன் 5000க்குத் தயார் என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று மட்டும் கடைக்கு எழுதிக் கேட்டேன். போட்டோ எடுத்தே அனுப்பினார்கள். பழைய சரக்காக இருந்தால் போர்டின் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை அப்டேட் செய்யாமல் ப்ராசசரை அது அடையாளமே காணாமல் போகலாம்.

கேபினெட்டை மட்டும் டர்பனிலேயே நேரில் பார்த்து வாங்கினேன். பெரிய பெட்டி, பக்கவாட்டில் கண்ணாடி, கூரியரில் அடி வாங்குவதற்கென்றே செய்த சாமான். முன்பக்கம் வலை போட்டதாக எடுத்தேன். பிப்ரவரி மாதத்து டர்பன் புழுக்கத்தில் முன்னால் கண்ணாடி வைத்த கேபினெட் அடுப்பாகிவிடும்.

கிராபிக்ஸ் கார்டுதான் நீண்ட கதை. புதியது பட்ஜெட்டில் பெரிய ஓட்டை போட்டது. பழையது தேடினேன். கம்ட்ரீ, முன்பு பிட்ஆர்பை என்றிருந்த பாப் ஷாப், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், மூன்றையும் தினமும் ராத்திரி புரட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆர்எக்ஸ் 580 என்று மலிவாக நிறைய வரும். அதில் பல 2048எஸ்பி வகை, அசல் 580இல் இருக்கும் 2304 ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சின்ன அலகு) அதில் கிடையாது. பழைய என்விடியா கார்டின் பயாஸை மாற்றி வேறு பெயரில் விற்பதும் உண்டு. ஜிபியு-இசட் மென்பொருளில் திறந்தால் பெயருக்கு முன்னால் ‘போலி’ என்று ஆங்கிலத்தில் காட்டிக்கொடுத்துவிடும். கிரிப்டோ நாணய மைனிங்கில் ஓடிய கார்டு என்றால் பலர் பயப்படுகிறார்கள். எத்தீரியம் என்ற நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங்கை விட்டது. அன்றைக்கு வெளியே வந்த கார்டு இத்தனை நாள் தாங்கியிருந்தால் எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. மின்விசிறி மட்டும் தேய்ந்திருக்கும்.

டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு பையன் ஆர்எக்ஸ் 6600 போட்டிருந்தான், புதியதின் விலையில் ஏறக்குறைய பாதிக்கு. பெட்ரோல் பங்கில் சந்திக்கலாம் என்றான். இங்கே அது வழக்கம். முன்பின் தெரியாதவரை வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள், நாமும் போக மாட்டோம். காமிரா இருக்கும் பங்க், மால், இல்லாவிட்டால் போலீஸ் ஸ்டேஷன் வாசல். ஆனால் பங்கில் வைத்துக் கார்டை ஓட்டிப் பார்க்க முடியாதே! அங்கிள் போனை வாங்கி அவனிடம் பேசினார். கார்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எந்தக் கோயில் ஆளுங்க நீங்க?" என்று ஆரம்பித்தார். மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயில், பாட்டி பெயர், புனித வெள்ளித் திருவிழா என்று பேச்சு நீண்டது. போனை வைத்துவிட்டு, "நாளைக்கு வீட்டுக்கே போகலாம்" என்றார்.

போனோம். கார்டு அவன் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அதை அப்படியே ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளில் முழு வேகத்தில் 20 நிமிடம் விட்டேன். ஹாட்ஸ்பாட் என்கிற மிகச் சூடான இடம்கூட 90 டிகிரியைத் தாண்டவில்லை, திரையில் புள்ளி எதுவும் தெறிக்கவில்லை. ஒரு விசிறி மட்டும் வேகம் குறையும்போது கிர்ரென்றது. பிறகு கழற்றிக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஸ்குரூ தலைகளில் திருப்புளி வழுக்கிய தடம் இல்லை, யாரும் திறக்கவில்லை. மானிட்டர் கேபிள் செருகும் தகட்டின் ஓரத்தில் மட்டும் பழுப்பாகத் துரு. ஜன்னலோரம் வைத்திருந்தானாம், கடல் காற்று. விரல் நகத்தால் கீறிப் பார்த்தேன், மேலோட்டம்தான். உள்ளே எச்டிஎம்ஐ துளைகளில் டார்ச் அடித்துப் பார்த்தால் பளபளவென்று இருந்தது. துருவையும் விசிறிச் சத்தத்தையும் சொல்லி 200 ரேண்ட் குறைத்தேன்.

அதற்குள் பாட்டி வந்து "சாப்பிட்டீங்களா?" என்று அங்கிளிடம் தமிழில் கேட்க, பேரம் அங்கேயே முடிந்துவிட்டது. பணம் அனுப்பினேன். வங்கி அனுப்பிய எஸ்எம்எஸ்ஸைக் காட்டியும் பையன் அசையவில்லை, தன் போனில் பணம் வந்து விழும் வரை கார்டை மடியிலேயே வைத்திருந்தான். சரிதான். பணம் போட்டதாகப் போலி ரசீது காட்டிப் பொருளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இங்கே அதிகம். விற்கிற நாள் வந்தால் நானும் அப்படித்தான் செய்வேன்.

பட்டியலில் மீதி ராம். டர்பனிலேயே ஒரு சின்னக் கடையில் வாங்கினேன். எல்லாம் பூட்டி ஓடவிட்டதும் விளையாட்டு நடுவில் நீலத் திரை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போட்டால் சிவப்பு வரிகள். குச்சிகளைத் தனித்தனியாகப் போட்டுச் சோதித்ததில் ஒன்று பழுது. கடைக்காரர், சப்ளையர் 14 நாள்தான் கொடுத்திருக்கிறார், அது முடிந்துவிட்டது என்றார். அது உங்களுக்கும் சப்ளையருக்கும் உள்ள கணக்கு, எனக்கு 6 மாதம் என்று சட்டத்தின் 56ஆம் பிரிவைச் சொன்னேன். அங்கிள் பக்கத்தில் பேசாமல் நின்றார், அவர் நின்றதே போதும். மனிதர் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு குச்சியும் சேர்ந்த புது பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் முறை. ஒன்றை மட்டும் மாற்றினால் ஜோடி சேராமல் இன்னொரு தலைவலி.

ஊரிலிருந்து சாமான் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு விஷயம். நம் ஊர் வீட்டில் ஏசிக்கும் கெய்சருக்கும் இருக்கிற பெரிய மூன்று முனை பிளக்தான் இங்கே பெரும்பாலானவற்றுக்கும். ஊர் எஸ்எம்பிஎஸ் கேபிளின் சின்ன பிளக் இங்கே சுவரில் நுழையாது. அடாப்டர் தேட வேண்டாம். கேபிளின் மறுமுனை எல்லா நாட்டிலும் ஒன்றுதான், கெட்டில் கார்டு (கெட்டில் வயர்) என்று கேட்டால் எந்த ஹார்டுவேர் கடையிலும் கொடுப்பார்கள்.

கம்ப்யூட்டர் இப்போது ஓடுகிறது. மகன் விட்டால்தான் நான் உட்கார முடிகிறது. பாக்கி இருப்பது யூபிஎஸ். 2024 மார்ச் கடைசிக்குப் பிறகு நாடு முழுக்க லோட்ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு பெரிதாகக் குறைந்துவிட்டாலும், எங்கள் தெருவில் கேபிள் பழுதென்று எப்போதாவது கரண்ட் போகிறது. மலிவான யூபிஎஸ்கள் பேட்டரிக்கு மாறும்போது தருவது படிக்கட்டு மாதிரியான அலை. ஆக்டிவ் பிஎஃப்சி என்ற மின்சுற்று உள்ள எஸ்எம்பிஎஸ் சில சமயம் அதை ஏற்காமல் அணைந்துவிடும். அதனால் சுவர் கரண்ட் மாதிரியே வழவழப்பான தூய சைன் அலை தருவதாகவே தேடுகிறேன். லோட்ஷெடிங் காலத்தில் அவசரமாக வாங்கியவர்கள் இப்போது மார்க்கெட்பிளேஸில் பாதி விலைக்கு விற்கிறார்கள், பெரும்பாலும் பேட்டரி செத்த நிலையில். சிறிய யூபிஎஸ் பலவற்றில் இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரிதான். இங்கே கேட் மோட்டாருக்கும் அலாரத்துக்கும் போடுகிற அதே அளவு, தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறது. பெட்டியை மட்டும் நல்லதாகப் பார்த்து எடுத்தால் போதும் என்று அங்கிள் இரண்டு விளம்பரங்களைக் குறித்து வைத்திருக்கிறார். சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.