சினாக்தன் சோதனையும் என் எம்.டி. வாய்மொழித் தேர்வும்

தஞ்சாவூரில் நான் எம்.டி. பொது மருத்துவத் தேர்வு எழுதியபோது எனக்குக் கிடைத்த நீண்ட கேஸ் (விரிவாகப் பரிசோதித்து விளக்க வேண்டிய நோயாளி), திருவையாற்றுப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு நடவுக்காரப் பெண்மணி. உடல் இளைத்து, எழுந்தால் தலைசுற்றி, மேனி கறுத்துக்கொண்டே வந்ததை வீட்டார் வயல் வெயில் என்றே எண்ணியிருந்தார்கள். ஆனால் வெயில் படாத கன்னத்தின் உட்புறமும் உள்ளங்கை ரேகைகளும் கறுத்திருந்தன. தினமும் நீராகாரத்தில் உப்பை அள்ளிப் போட்டுக் குடிப்பதாகவும், நார்த்தங்காய் ஊறுகாய் இல்லாமல் இருக்க முடியவில்லை என்றும் அவர் சொன்னபோதே, அடிசன் நோய் (சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள் பழுதாகி, கார்டிசால் உள்ளிட்ட ஹார்மோன்கள் குறைவது) என்று என் மனத்தில் பட்டுவிட்டது. நம் நாட்டில் இதற்குக் காசநோயும் ஒரு முக்கியக் காரணம் என்பதால், அதையும் விசாரித்து எழுதிவைத்தேன்.

வாய்மொழித் தேர்வில், இதை உறுதிசெய்யும் சினாக்தன் சோதனையைப் பற்றிக் கேட்டபோது, டெட்ராகோசாக்டைடு என்ற செயற்கை ஹார்மோனை 250 மைக்ரோகிராம் செலுத்தி, ஊசிக்கு முன்பும் 30, 60 நிமிடங்களிலும் கார்டிசால் பார்க்க வேண்டும் என்று தடையின்றி ஒப்பித்தேன். தேர்வாளர் அதோடு விடவில்லை. “பிட்யூட்டரி அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள்தான் ஆகிறது என்றால் கார்டிசால் விடை எப்படி வரும்?” என்றார். குறைவாக வரும் என்று நான் சொன்னது தவறு. அட்ரீனலைச் சுரக்கச் சொல்லி மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் இயற்கை ஏசிடிஎச் ஹார்மோனின் 39 அமினோ அமிலங்களில் முதல் 24-ஐ மட்டும் கொண்ட இந்தச் செயற்கை ஹார்மோன் அட்ரீனலை நேரடியாகத் தூண்டுகிறது. மேலிருந்து கட்டளை நின்ற சில வாரங்களுக்குப் பிறகே சுரப்பி சுருங்கும் என்பதால், அதுவரை விடை இயல்பாகவே வரக்கூடும். எண்களை மனப்பாடம் செய்யும் முன், ஊசி எந்தப் படியைச் சோதிக்கிறது என்பதைத் தாளில் வரைந்து பார்த்திருந்தால் தடுமாறியிருக்க மாட்டேன்.

எண்களிலும் கவனம் தேவை. ஊசிக்குப் பின் கார்டிசால் டெசிலிட்டருக்கு 18 மைக்ரோகிராமைத் தொட்டால் இயல்பு என்பது பழைய அளவீட்டு முறைகளுக்கான வரம்பு. புதிய முறைகளில் அது குறைவு. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுவோருக்குக் கார்டிசாலைச் சுமக்கும் புரதம் கூடுவதால், மொத்த அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து பல அளவீடுகளில் கார்டிசாலாகவே பதிவாகிவிடும். டெக்ஸாமெத்தசோன் என்ற மற்றொரு ஸ்டீராய்டு அப்படி ஆகாது. மூட்டுவலிக்கென்று சீட்டில்லாமல் ஸ்டீராய்டு வாங்கி விழுங்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அதை யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள்; கேஸ் எடுக்கும்போது மாத்திரை அட்டையையே கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக, இதே பெண்மணி இரத்த அழுத்தம் விழுந்து நள்ளிரவில் வந்தால் சோதனையை எப்போது செய்வாய் என்று தேர்வாளர் கேட்டார். கார்டிசாலுக்கும் ஏசிடிஎச்சுக்கும் இரத்தம் எடுத்த கையோடு, கார்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராமைச் சிரைவழி செலுத்தி, சலைன் ஏற்றுவேன், சோதனை அவர் தேறிய பிறகுதான் என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.