விறாந்தைக்கு வெளியே ஒரு பலகைத் தளம்

வட்டக்கச்சியில் வயலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு வீட்டுக்குச் சில வருடங்களுக்கு முன் பலகைத் தளம் போட்டேன். வீட்டுக்கார அண்ணை கனடாவில் இருந்து திரும்பி வந்தவர். அங்கே வீட்டுக்குப் பின்னால் டெக் இருந்ததாம். பின்னேரத் தேத்தண்ணியை அதில் இருந்து குடித்துப் பழகியவர். "விறாந்தைக்கு வெளியால பத்துக்குப் பன்னிரண்டு அடி போதும் தம்பி. காலில மரம் படவேணும்" என்றார். நான் அதுவரை நிலை, கதவு, யன்னல், கூரை என்று வேலை செய்தவன். வெயிலுக்கும் மழைக்கும் மல்லாந்து கிடக்கப்போகிற மரம் எனக்குப் புதிது.

மரக்காலையில் பாலை எடுத்தோம். வெளிறு என்கிற மெதுவான வெளிப்பகுதியைக் கழித்து, வைரம் என்கிற இறுகிய உள்மரமாகப் பார்த்து அறுப்பித்தோம். பாலை தண்ணீரில் போட்டால் தாழும் மரம்; கன மீற்றருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் வரும். பெயின்ற் கடையில் வெளிவேலைக்கும் நல்லது என்று சொல்லித் தந்த வார்னிஷை மூன்று தரம் அடித்தேன். ஆவணி வெயிலில் தளம் கண்ணாடி போல மின்னியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மார்கழியில் அண்ணை போன் எடுத்தார். "பாம்பு செட்டை கழட்டின மாதிரிக் கிடக்கு, ஒருக்கா வந்து பாருங்கோ."

போய்க் குந்தியிருந்து பார்த்தேன். ஆணித் தலைகளைச் சுற்றியும் பலகைகளின் வெட்டு முனைகளிலும் வெள்ளை வெள்ளையாகப் படலம் எழும்பியிருந்தது. நகத்தைக் கொடுத்து இழுத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரே தாளாக உரிந்து வந்தது. அதன் அடியில் மரம் ஈரமாக, கறுப்புப் புள்ளிகளோடு இருந்தது. மழை விட்டு நாலு நாள் ஆகியும் அந்த ஈரம் காயவில்லை.

கடைக்காரரையும் சரக்கையும் குறை சொல்லி நான் தப்பிவிட முடியாது. அதே வார்னிஷ் தாழ்வாரத்துக்குள் இருக்கும் கதவில் வருடக்கணக்காக நிற்கிறது. தளத்தின் பாடு வேறு. மரம் மாரியில் ஊதும், கோடையில் சுருங்கும். இறுகிய படலம் அதோடு சேர்ந்து அசையாமல் ஆணியடியில் வெடிக்கும். நிறமில்லாத படலத்தை ஊடுருவிப்போகும் வெயில், மரநாரைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைக் கீழேயே சிதைத்துவிடும். பிறகு படலம் பிடித்து நிற்க அங்கே ஒன்றும் இல்லை. வெடிப்பால் இறங்கிய தண்ணீருக்கு வெளியேற வழியும் இல்லை. வன்னியில் ஐப்பசியில் இருந்து மூன்று மாதம் மழை கொட்டும், பிறகு மாதக்கணக்காக வெயில் காயும். இரண்டையும் ஒரு படலம் தாங்கும் என்று நான் நினைத்தது பிழை.

நானும் உதவிக்கு வந்த பெடியனும் ஆறு நாள் சுரண்டினோம். அதற்குக் காசு வாங்கவில்லை.

அந்த ஆறு நாளும் எனக்கு ஒரு வாசல் நிலை ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. 2010இல் மீளக்குடியேறியபோது எங்கள் வளவில் கூரை இல்லை, கதவு இல்லை. பாலை மரத்து வாசல் நிலை மட்டும் நின்றது. மழையிலும் வெயிலிலும் கிடந்து சாம்பல் நிறமாகியிருந்தது. உக்கிவிட்டது என்று சொல்லி அப்பா அதைப் பிடுங்கச் சொன்னார். சீவுளி போட்டேன். ஒரு சுருள் போனதும் உள்ளே செந்தவிட்டு நிறம், புது மரம் போல. சாம்பல் பூப்பது வெயில் செய்கிற வேலை, மேல்தோலோடு நின்றுவிடும். உக்குவது தேங்கிய ஈரமும் பூஞ்சணமும் செய்கிற வேலை. நான் பூசிய வார்னிஷ் முதலாவதை மறைக்கப்போய் இரண்டாவதற்கு வழி விட்டிருந்தது.

பிறகு பாலை, முதிரை, தேக்கு என்று துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பூச்சுக் கொடுத்து, பட்டறையின் தண்ணீர்த்தாங்கி மேடையில் ஒரு வருடம் போட்டு வைத்தேன். அம்மா, "இலுப்பெண்ணெயும் பூசிப் பாரன்" என்றா. பூசினேன். மாதக்கணக்கில் பிசுபிசுத்து, சோளகக் காற்று கொண்டுவந்த புழுதி முழுவதையும் பிடித்துக் கறுத்தது. இலுப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் காற்றுப் பட்டு இறுகுகிற எண்ணெய்கள் அல்ல. லின்சீட் ஓயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், இறுகும். ஆனால் வெறும் லின்சீட் பூசிய துண்டிலும் மாரியில் பூஞ்சணம் பிடித்தது. வாகன எஞ்சினில் இருந்து கழிக்கிற கழிவு ஓயிலை நான் பரீட்சைக்குக்கூட எடுக்கவில்லை. வேலிக் கட்டைக்கு அடிப்பார்கள். ஆனால் பிள்ளைகள் வெறுங்காலோடு தவழும் பலகையில் புற்றுநோய் வரவைக்கிற நஞ்சைத் தேய்க்க எனக்கு மனமில்லை.

நன்றாக நின்றது, மண்ணிறச் சாயம் கலந்த, வெளிப்பாவனைக்கான மர எண்ணெய். அந்த நிறமணிதான் வெயிலுக்குக் குடை. அதுவும் மங்கியது, ஆனால் உரியவில்லை. கழுவிக் காயவிட்டு அதன் மேலேயே திரும்பப் பூசலாம், சுரண்டத் தேவையில்லை. நான் அதைத் தெரிந்தெடுத்ததற்கு முதற்காரணம் இதுதான்.

அண்ணையின் தளத்துக்குப் பங்குனியில் அதைப் பூசினோம். மாரி ஈரம் இறங்கியிருக்கும், சோளகப் புழுதி தொடங்கியிராது. 80ஆம் இலக்க சாண்ட்பேப்பரோடு நிறுத்தினேன். அதற்குமேல் மினுக்கினால் பாலை எண்ணெயே குடிக்காது. காலை வெயில் ஏறுமுன், மிக மெல்லிசாகப் பூசி, கால் மணித்தியாலத்தில் மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுத்தோம். பாலை போன்ற இறுகிய மரத்தில் துடைக்காமல் விட்டால் மேலே பிசினாக நிற்கும். வெட்டு முனைகள் பக்கங்களைவிடப் பலமடங்கு தண்ணீர் இழுக்கும், அவற்றுக்கு இரண்டு மூன்று தரம் கொடுத்தேன். கறள் பிடித்த ஆணிகளைக் கழற்றி எவர்சில்வர் ஸ்குறூ போட்டேன். முன்பு ஒட்ட அடித்திருந்த பலகைகளுக்கு இடையில் ஐந்து மில்லிமீற்றர் இடைவெளி விட்டேன்.

துடைத்த துணிகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அன்று பெடியன் அவற்றைச் சுருட்டிப் பட்டறை மூலையில் போட்டிருந்தான். பின்னேரம் ஏதோ கருகும் மணம். பிரித்துப் பார்த்தால் நடுவில் கை வைக்க ஏலாத சூடு, புகை. இறுகும் எண்ணெய் இறுகும்போது தானே சூடாகும். சுருட்டினால் சூடு வெளியே போகாது, நெருப்பு வைக்காமலே பற்றும். இப்போது துணிகளை வேலிக்கம்பியில் ஒவ்வொன்றாக விரித்துப் போடுகிறோம், இல்லாவிட்டால் தண்ணீர் வாளிக்குள்.

யாராவது தளம் கேட்டு வந்தால் நான் முதலில் கேட்பது, "அடுத்த வருசம் ஆர் பூசுறது?" என்பதுதான். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் ஒருவர், வீட்டில் ஆளிராது என்றார். அவருக்கு வெட்டு முனைகளை மட்டும் மூடி, உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும் 316 தர எவர்சில்வர் ஸ்குறூ போட்டு, பலகையைச் சாம்பலாக விடச் சம்மதிக்க வைத்தேன். வட்டக்கச்சி அண்ணை இப்போது தானே பூசுகிறார். பலகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பார். உருண்டு நின்றால் பொறுப்பார், ஊறினால் வாளியும் துணியும் எடுப்பார். அவருடைய படிக்கட்டின் கீழ்ப்படி மட்டும் மண்ணோடு முட்டுகிறது. மாரிக்கு முன்னம் அதைத் தூக்கி ஒரு கல் வைக்கவேண்டும்.