பூட்டிய செல்களும் மஞ்சள் நிறமும்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு துப்புரவு நிறுவனத்தில் சம்பளக் கணக்கு என் பொறுப்பு. மேற்பார்வையாளர்கள் தங்கள் குழுவின் ஓவர்டைம் மணிநேரத்தை எக்செல் தாளில் நிரப்பி அனுப்புவார்கள். ஒன்றரை மடங்கு ஓவர்டைம் விகிதம், மசேநி (மத்திய சேம நிதி) கழிவு எல்லாம் அதே தாளில் ஃபார்முலாவாக இருக்கும். மசேநியில் 55 வயது வரையுள்ள ஊழியரின் பங்கு 20 விழுக்காடு. அந்த எண்ணில் தெரியாமல் கை பட்டால் குழு முழுவதற்கும் கழிவு தவறிவிடும். அந்தச் செல்களை, அதாவது தாளின் கட்டங்களை, யாரும் மாற்ற முடியாதபடி பூட்டாமல் அனுப்ப முடியாது.

ஆனால் பூட்டிய செல்லும் பூட்டாத செல்லும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். பல ஆண்டுகள் தளத்தில் வேலை பார்த்து மேற்பார்வையாளராக உயர்ந்த ஓர் அக்கா, "எதைத் தொட்டாலும் திட்டுது தம்பி" என்றார். எச்சரிக்கைப் பெட்டி திரும்பத் திரும்ப வந்ததில் தாளையே மூடிவிட்டு, மணிநேரத்தைக் காகிதத்தில் எழுதி எனக்குப் போனில் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ஓவர்டைம் பணத்தைச் சம்பளக் காலம் முடிந்த 14 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த அவசரத்தில் போனில் கேட்டு எழுதும் எண்ணை நம்புவது எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்குக் கணக்கு நன்றாகவே வரும். எங்கே எழுதலாம் என்று தாள் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எக்செல்லில் எல்லாச் செல்லும் முதலிலேயே பூட்டியதாகத்தான் குறிக்கப்பட்டிருக்கும். தாளுக்குப் பாதுகாப்பு போட்ட பிறகே அது வேலை செய்யும். எனவே மணிநேரம் எழுதும் செல்களை முதலில் பூட்டு நீக்கினேன். அப்புறம் தாள் முழுவதையும் தேர்ந்தெடுத்து, நிபந்தனைக்கு ஏற்பச் செல்லுக்கு நிறம் கொடுக்கும் கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் ஃபார்முலா விதி ஒன்றை எழுதினேன். செல் என்றே பெயருள்ள ஃபங்ஷனிடம் 'புரொடெக்ட்' என்று கேட்டால், பூட்டியதற்கு 1, பூட்டாததற்கு 0 தரும். தேர்ந்தெடுத்த பகுதியின் முதல் செல்லை டாலர் குறி இல்லாமல் கொடுக்க வேண்டும். அப்போதுதான் விதி ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கும். பூட்டை மாற்றியதும் நிறம் மாறாவிட்டால் எஃப்9 அழுத்தினால் சரியாகிவிடும். இதையெல்லாம் பாதுகாப்பு போடுவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது, பிறகு அந்த மெனு மங்கிப்போகும்.

பலர் பூட்டிய செல்லுக்குச் சாம்பல் நிறம் கொடுப்பார்கள். நான் 0 வரும் செல்லுக்கு இளமஞ்சள் கொடுத்தேன். நிரப்புகிறவருக்குத் தேவை எங்கே எழுதலாம் என்பதுதான். தடைகளின் வரைபடம் அவருக்கு எதற்கு? தணிக்கைக்குப் போகும் பிரதியில் மட்டும் 1 என்று மாற்றிக்கொள்கிறேன். ஃபார்முலா இருந்தும் பூட்டாமல் விட்ட செல் அதில் நிறமில்லாமல் பளிச்சென்று தெரியும்.

இந்தப் பூட்டு கைத்தவறைத் தடுக்கும், சம்பள விவரத்தை மறைக்காது. ரகசியம் காக்க, கோப்பைத் திறக்கவே கடவுச்சொல் போட வேண்டும்.

அக்கா இப்போது தாளிலேயே நிரப்புகிறார். டேப் விசையை அழுத்தினால் அடுத்த மஞ்சளுக்கே போகும் என்று மற்ற மேற்பார்வையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.