கடன் வாங்காதவனுக்குக் கார் கடன்

கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு அப்பாவை மாதம் இரண்டு தடவை கூட்டிப்போக வேண்டும். வேலந்தாவளம் வழியாகப் பஸ்ஸில் போனால் அவருக்கு இடுப்பு ஒடிகிறது. வாடகைக் கார் வைத்தால் எனக்கு ஒடிகிறது. சரி, சின்னதாக ஒரு கார் எடுத்துவிடலாம் என்று 2025 ஜூலையில் கிளம்பினேன்.

தேங்காய் வியாபாரம் எனக்கு. தோப்பைக் குத்தகைக்குப் பேசி, காய் வெட்டி, காங்கேயத்துக்கு லோடு அனுப்புகிறேன். பெரும்பாலும் கைக்காசு. ஒரு தோப்புக்காரரிடம் வாய்வார்த்தையிலேயே இரண்டு லட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறேன், துண்டுச்சீட்டு கூட இல்லாமல். இருபது வருடமாக ஊரில் குறி, அதாவது சீட்டு, கட்டுகிறேன், ஒரு தவணை தவறியதில்லை. வங்கியில் ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

கோவை ஷோரூமில் லோன் பார்க்கும் பையன் என் பான் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "மைனஸ் ஒன்று காட்டுதுங்க" என்றான். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்குப் போடும் மார்க்தான் சிபில் ஸ்கோர், 300 முதல் 900 வரை. கடன் வாங்கிய வரலாறே இல்லாதவனுக்கு அந்த இடத்தில் மைனஸ் ஒன்று வரும். பள்ளிக்கூடத்தில் கூட நான் மைனஸ் மார்க் வாங்கியதில்லை. "இது கெட்ட ஸ்கோர் இல்லைங்க, ஸ்கோரே இல்லை, அவ்வளவுதான்" என்று ஆறுதல் சொன்னான். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரே நாளில் நாலு இடத்துக்கு விண்ணப்பத்தைத் தட்டிவிட்டிருந்தான். நாலிலும் இல்லை என்று வந்தது. இரண்டு இடத்தில் ஸ்கோர் இல்லை என்றார்கள், மற்ற இரண்டில் கேரள முகவரி என்றார்கள். நாலு பேர் விசாரித்ததும் என் கடன் வரலாற்று ரிப்போர்ட்டில் பதிந்துவிட்டது. வேறொன்றும் எழுதாத வெள்ளைத்தாளில் அது மட்டும் இருந்தது. ஷோரூமில் கையெழுத்துப் போடும் முன் எத்தனை இடத்துக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு தனியார் ஃபைனான்ஸ்காரர் வீடு தேடி வந்தார். ஸ்கோரெல்லாம் வேண்டாம், 8 சதவீத வட்டிதான் என்றார். இங்கேதான் நான் விழுந்திருப்பேன். அது 'ஃபிளாட்' வட்டி, அசலைக் கட்டக் கட்டக் குறையாமல் கடைசி வரை முழுத் தொகைக்கும் போடுவது. 5 லட்சத்துக்கு 5 வருடத்தில் 2 லட்சம் வட்டி, மாதம் 11,667 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற வங்கி முறையில் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் 14 சதவீதத்தைத் தாண்டுகிறது. வங்கியில் 9.5 சதவீதத்துக்குக் கிடைத்தால் தவணை 10,501 தான். 8-ஐவிட 9.5 குறைவு என்பதை என் அப்பாவுக்குப் புரியவைக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம் என்று மட்டும் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். சதவீதத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்டில் மகள் போனில் ஒரு செய்தியைக் காட்டினாள். முதல்முறை கடன் கேட்பவரை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியிலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறதாம். நிதித்துறை இணை அமைச்சர் நாடாளுமன்றத்தில் அதைச் சொல்லியிருந்தார். பிரிண்ட் எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்து வங்கிக்குப் போனேன். லோன் பார்க்கும் அம்மா மலையாளத்துக்காரர், பொறுமைசாலி. படித்துவிட்டு, "சேட்டா, தள்ளக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு. கொடுத்தே ஆகணும்னு போடலையே" என்று சிரித்தார். ஸ்கோர் இல்லாவிட்டால் வருமானம், கணக்கு, நிலம் எல்லாவற்றையும் கூடுதலாகத் துருவிப் பார்ப்பார்களாம். என் வங்கிக் கணக்கைத் துருவினால் என்ன வரும்? மாசத்துக்கு இரண்டு வரவு, இரண்டு எடுப்பு. வியாபாரம் முழுக்கச் சட்டைப் பையில் நடந்திருக்கிறது. ஆடிட்டர் பேச்சைக் கேட்டு மூன்று வருடமாக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்திருந்தது ஒன்றுதான் உருப்படி.

அன்று ராத்திரி மகள் என் ரிப்போர்ட்டை இலவசமாக எடுத்துக் காட்டினாள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நாலு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டைக் காசில்லாமல் தர வேண்டும். பால் கறந்துவிட்டு வந்த என் மனைவி, "எனக்கும் பாரு கண்ணு" என்றாள், விளையாட்டாக.

771.

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதையெல்லாம் அவள் தவணையில் வாங்கியிருக்கிறாள். 2021-ல் ஃபிரிட்ஜ், அப்புறம் மகளுக்கு போன், நடுவில் பெண்கள் குழுவில் சேர்ந்து ஒரு மாட்டுக்குக் கடன். "வாரா வாரம் காசு கேட்டு ஆள் வர்றது நல்லாவா இருக்கு?" என்று அந்த மாட்டை வைத்து எத்தனை நாள் சண்டை போட்டிருப்பேன்! எல்லாம் நாள் தவறாமல் கட்டி முடித்திருக்கிறாள். பால் சங்கத்தில் உறுப்பினரும் அவள்தான், பால் பணமும் அவள் கணக்கில்தான் விழுகிறது. தொழில் நடக்கிறது என்பதற்கு வங்கி கேட்ட சாட்சி இத்தனை நாளும் மாட்டுக்கொட்டகையில் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் விண்ணப்பம் மாறியது. முதல் விண்ணப்பதாரர் அவள், கூட்டு விண்ணப்பதாரர் நான். அவளுடைய ஸ்கோரும் பால் பணமும், என் வரிக்கணக்கும் நிலத்துக்குக் கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீதும் சேர்ந்துதான் ஃபைல் நிமிர்ந்தது.

அதற்குப் பிறகும் ஒரு முட்டுக்கட்டை. என் பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது. பொள்ளாச்சியில் எடுத்த பான் கார்டில் அதற்கு 'எல்' போட்டிருக்கிறார்கள். இங்கே எடுத்த ஆதாரில் 'இசட் எச்'. எல்லையோர ஆட்களுக்கு இது புதுசில்லை, ஊர் பெயரிலேயே ழ வைத்திருக்கிறவர்கள் நாங்கள். வங்கிக்கு மட்டும் இரண்டும் இரண்டு ஆள். அரசு சேவைகளுக்கு மனுப் போடும் அக்ஷயா சென்டரில் மனுக் கொடுத்து, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸில் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. நடுவில் ஓணம் வந்துவிட்டது. ஆபீஸ் திறந்து சான்றிதழ் கைக்கு வர இன்னும் பத்து நாள். ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்று கடன் கேட்கப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். நான் அதைக் கடைசியில் பார்த்தேன்.

தாமதத்தில் ஒரு லாபமும் வந்தது. செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஜூலையிலேயே அந்த ஃபைனான்ஸ்காரரிடம் கையெழுத்துப் போட்டிருந்தால் வட்டியிலும் போயிருக்கும், விலையிலும் போயிருக்கும். சாலைக்கு வரும்போது மொத்தம் 6 லட்சத்து 70 ஆயிரம். குறி எடுத்த பணத்தில் 1 லட்சத்து 70 ஆயிரத்தை முன்பணமாகக் கட்டி, 5 லட்சம் லோன். வட்டி 9.5 சதவீதம், 60 மாதம். கோவையில் எடுக்காமல் பாலக்காட்டிலேயே எடுத்தோம். தமிழ்நாட்டில் பதிந்து இங்கே ஓட்டினால் பிறகு பதிவையும் வரியையும் மாற்ற அலைய வேண்டும், அது எதற்கு? சித்தூர் ஆர்டிஓ பதிவு, கேஎல்-70. ஆர்.சி. புத்தகத்தில் வங்கிக்கு அடமானம் என்று எழுதியிருக்கிறது. கடன் முடிந்ததும் வங்கியில் தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 35 கொடுத்து அதை நீக்க வேண்டும். நீக்காமல் விட்டவர்கள் வண்டியை விற்கப் போகும்போது மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு வண்டி வாசலில் நின்றது. உரிமையாளர் இடத்தில் அவள் பெயர். மாதம் 5-ஆம் தேதி அவள் கணக்கிலிருந்து தவணை தானாகப் பிடிக்கிறார்கள். 3-ஆம் தேதியே என்னிடம் கையை நீட்டிவிடுகிறாள். போன மாதம் காய் விலை இறங்கியிருந்தது, இரண்டு நாள் பொறு என்றேன்.

"உங்க மைனஸ் ஒன்றை எனக்கும் ஒட்ட வெச்சுடாதீங்க" என்றாள். எடுத்துக் கொடுத்துவிட்டேன்.