ஒரு பல் மட்டும் கறுத்தால்

என் முன்பற்களில் ஒன்று மட்டும் சாம்பல் நிறமாக இருந்தது. சிறு வயதில் பந்து பட்ட பல். அப்போது உடையவில்லை, வலியும் சீக்கிரமே போய்விட்டது. நிறம் மாறியது பல வருடங்கள் கழித்துத்தான். பார்த்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பேஸ்ட்டின் பெயரைச் சொன்னார்கள். பல் மருத்துவரோ எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே நரம்பு செத்திருக்கிறது, பேஸ்ட் அந்த இடத்தை எட்டவே எட்டாது என்றார்.

முதலில் ரூட் கெனால் சிகிச்சை, அதாவது செத்த நரம்பை எடுத்துவிட்டு வேரை அடைப்பது. பிறகு பல்லின் உட்குழியில் வெளுக்கும் மருந்தை வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பினார். மருந்து வேர்ப்பக்கம் கசிந்தால் வேரே அரிக்கப்படலாம் என்பதால், மருந்து வைக்கும் முன் வேரின் வாயை நன்றாக மூடிவிடுகிறார்கள். நிறம் மெல்ல மெல்லப் பக்கத்துப் பல்லோடு ஒத்துவந்தது. வருடங்கள் போனால் மறுபடி கொஞ்சம் மங்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன், கறை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வெளுக்க இறங்காதீர்கள். டீ, காபி, புகையிலை, குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் இவற்றால் வருவது மேற்பரப்புக் கறை. பல் மருத்துவரிடம் ஸ்கேலிங்கும் (கருவியால் சுரண்டிச் சுத்தம் செய்வது) பாலிஷும் செய்தாலே பெரும்பாலும் போய்விடும். வயது ஏற ஏற வரும் மஞ்சள் அப்படியல்ல. பல்லின் மேலடுக்கான எனாமல் தேய்ந்து மெலிய, அடியிலிருக்கும் டென்டின் என்ற அடுக்கின் மஞ்சள் வெளியே தெரிகிறது. எலுமிச்சைச் சாறும் கரித்தூளும் போட்டுத் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. அமிலம் எனாமலைக் கரைக்கும், சொரசொரப்பான தூள் அதைத் தேய்க்கும். போன எனாமல் திரும்ப வளராது. கடைசியில் பல் இன்னும் மஞ்சளாகத்தான் தெரியும்.

என் தங்கையின் பற்களில் சாம்பல் கலந்த பழுப்புப் பட்டைகள். பல் உருவாகும் வயதில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்ததன் விளைவு. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைப் பொதுவாகத் தவிர்ப்பது இதனால்தான். அவளுக்கு அச்செடுத்து, பல்லில் மாட்டிக்கொள்ளும் டிரே செய்து, இரவில் அதில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல் வைக்கச் சொன்னார்கள். அதிலிருந்து வெளிப்பட்டுப் பல்லை வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறக்குறைய 3.5 சதவீதம்தான். சாதாரண மஞ்சளுக்குச் சில வாரங்கள் போதும், இவளுக்கு மாதக்கணக்கில் ஆனது. நடுவில் பல் கூசியது. ஓரிரு இரவு விட்டுவிட்டு, பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டைப் பயன்படுத்தியதும் அடங்கியது. ஈறோரப் பட்டைகள் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் இப்போது வாயைக் கையால் மறைக்காமல் சிரிக்கிறாள், அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜெல்லால் இயற்கைப் பல்தான் வெளுக்கும். கிரவுனும் (பல்லுக்கு மேல் போடும் செயற்கை உறை) பல் நிறத்தில் அடைத்த சிமென்டும் பழைய நிறத்திலேயே நிற்கும். முன்பல்லில் அடைப்பு இருப்பவர்கள் வெளுத்து முடித்து, இரண்டு வாரமாவது விட்டுப் புது நிறத்துக்கு ஏற்ப அதை மாற்றிக்கொள்ளலாம். உடனே மாற்றினால் புது அடைப்பு பல்லோடு சரியாக ஒட்டாது.