ஊசி குத்தினால் முதலில் யாரிடம் போவது?

ஒரு பி.எஸ்சி. நர்சிங் மாணவிக்கு வார்டில், நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் குத்திய நேரம் இரவு 9.20. ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் மாத்திரையை அவள் விழுங்கிய நேரம் 1.45. இடையில் கிட்டத்தட்ட நாலரை மணி நேரம் அவள் எங்கள் மருத்துவமனைக்குள்ளேயேதான் இருந்தாள்.

பல்கலைக்கழகத்தின் மருத்துவ அறிவியல் வளாகத்தில் நிர்வாக அலுவலராக நான் சேர்ந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி, துணை மருத்துவப் படிப்புகள் என்று நான்கு கல்லூரிகள், நடுவில் ஒரு மருத்துவமனை. மறுநாள் காலை சம்பந்தப்பட்ட எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, நடந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

கேஷுவால்டியில் ஓ.பி. சீட்டு போட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். அவள் பர்ஸ் ஹாஸ்டலில் இருந்தது. நைட் சூப்பர்வைசர் கல்லூரியிலிருந்து கடிதம் கேட்டார். முதல்வர் ரயிலில் இருந்தார், போன் எடுக்கவில்லை. மருந்து ஃபார்மசியில் இருந்தது. ஆனால் பில்லை யார் பெயரில் போடுவது என்று கேட்டார்கள், பதில் சொல்ல ஆள் இல்லை. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரவர் மேசைக்கு என்ன விதியோ அதைத்தான் செய்தார்கள்.

ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் சாப்பிட வேண்டும் என்பது அன்றிரவு அங்கே இருந்த எல்லோரும் பாடமாகப் படித்ததுதான். நல்லவேளையாக, அந்த நோயாளியின் ரத்தத்தில் எதுவும் இல்லை என்று மறுநாள் தெரிந்து மருந்தை நிறுத்தினார்கள். அவளைப் பார்க்கப் போனபோது அவள் சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை. “யார்கிட்டயும் சொல்லாம விட்டிருக்கலாமோன்னு தோணுச்சு மேடம்.”

அப்படி எத்தனை பேர் சொல்லாமல் விட்டார்கள் என்று யோசித்தேன். மருத்துவமனையின் பதிவேட்டைப் புரட்டினால், அந்த வருடம் முழுக்க மாணவர்கள் பெயரில் ஒரு பதிவுகூட இல்லை. அவ்வளவு பெரிய மருத்துவமனையில் யாருக்கும் ஊசி குத்தவில்லை என்பதை நம்ப முடியாது.

டீனிடம் போனேன். அவர் அன்றே நான்கு முதல்வர்களையும் மருத்துவமனை சூப்பரிண்டெண்டெண்டையும் கூப்பிட்டார். ஒரே வளாகத்தில் இருந்தாலும் இந்தக் கல்லூரிகள் வெவ்வேறு உலகங்கள் என்பதை அன்றுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். மருத்துவக் கல்லூரிக்கு 2019 சட்டப்படி வந்த தேசிய மருத்துவ ஆணையம். நர்சிங்குக்கு 1947 சட்டத்தின் இந்திய நர்சிங் கவுன்சில். பிசியோதெரபிக்கும் லேப் டெக்னாலஜி போன்ற படிப்புகளுக்கும் 2021 சட்டப்படி தனி ஆணையம். எம்.பி.பி.எஸ்.க்கு வருடக் கணக்கு, நர்சிங்குக்கு 2021லிருந்து செமஸ்டர் கணக்கு. வார்டில் பயிற்சிக்குப் போகும் போஸ்டிங் தொடங்கும் மாதம்கூட ஒன்றில்லை. அதனால் ஊசி குத்தினால் என்ன செய்வது என்று மூன்று கல்லூரிகள் தனித்தனியாக ஒரு சர்க்குலர் வைத்திருந்தன, நான்காவதில் அது இல்லவே இல்லை.

டீன் அன்று சொன்ன ஒரு வரியை வைத்தே மற்ற எல்லாவற்றையும் எழுதினோம்: “மருந்து முதல்ல, கையெழுத்து அப்புறம்.” மாணவர் யாராக இருந்தாலும் நேரே கேஷுவால்டிக்குப் போகலாம். சீட்டு, பணம், கடிதம் எதுவும் கேட்கக் கூடாது. டூட்டி டாக்டர் பார்த்து, தேவையென்றால் முதல் டோஸை அங்கேயே கொடுத்துவிட வேண்டும். செலவு மருத்துவ அறிவியல் வளாகத்தின் பொதுக் கணக்கில். ஒரே படிவம், ஒரே தொலைபேசி எண். இரவில் அந்த எண்ணை எடுக்கும் ஆள் யார் என்று மாதப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

நிதி அலுவலகத்தில் கோப்பு ஆறு வாரம் கிடந்தது. எவ்வளவு ஆகும் என்று தெரியாத செலவுத் தலைப்புக்கு ஒப்புதல் தர முடியாது என்றார்கள். அதுவும் நியாயம்தான். கடைசியில் கோப்பை நகர்த்தியது சட்டம். மருத்துவச் சேவை தரும் நிறுவனம், ஹெச்.ஐ.வி. தொற்றும் ஆபத்துள்ள சூழலில் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்புப் பொருள்களும் தடுப்பு மருந்தும் கொடுத்தாக வேண்டும் என்கிறது 2017ன் ஹெச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் வாசகத்தை அப்படியே கோப்பின் குறிப்பில், அதாவது நோட்டில், எழுதி வைத்தேன். மூன்றாம் நாள் கையெழுத்தாகி வந்தது. இப்படிப்பட்ட கோப்பு வைப்பவர்களுக்கு நான் சொல்வது, கருணையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதற்குப் பதில் சட்டத்தின் வரியை முதல் பத்தியில் வையுங்கள்.

அப்புறம் தடுப்பூசி. ஹெச்.ஐ.வி. என்றதும் எல்லோரும் பதறுகிறோம். ஆனால் தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் அது தொற்றும் வாய்ப்பு 1000க்கு 3தான். கல்லீரலைத் தாக்கி மஞ்சள் காமாலை வரவைக்கும் ஹெபடைடிஸ் பி அப்படியில்லை. தடுப்பூசி போடாதவருக்கு அது 100க்கு 30 வரை போகலாம். இத்தனைக்கும் நல்ல தடுப்பூசி இருக்கிற நோய் அது. இந்தியாவில் குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் இந்தத் தடுப்பூசி 2002ல் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கி, 2011ல்தான் நாடு முழுக்க வந்தது. 2004, 2005ல் பிறந்த எங்கள் மாணவர்களில் பலரிடம் போட்டதற்கான சீட்டு இல்லை. கேட்டால் “அம்மாவுக்குத்தான் தெரியும்” என்பார்கள். சீட்டு இல்லாதவர்கள் எல்லோருக்கும் முதலிலிருந்து போடுவது என்று முடிவு செய்தோம்.

மூன்று டோஸ்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. எழுதும்போது எளிது. 18 வயது ஆகாத முதலாண்டு மாணவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். காய்ச்சல் வருமா, செமஸ்டர் முடிந்த பிறகு போடலாமா என்று பெற்றோர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொல்ல நர்சிங் கல்லூரியின் சமூக சுகாதாரத் துறை ஆசிரியைகள் இரண்டு பேர் முன்வந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் முதல் டோஸே நடந்திருக்காது.

இரண்டாம் டோஸுக்கு முன்னால் ஒரு இழப்பு. மருத்துவமனை ஸ்டோரில் இடமில்லை என்று கொஞ்சம் தடுப்பூசியை ஒரு துறையின் சாதாரண ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்கள். இந்தத் தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவே கூடாது. உறைந்தால் வீரியம் போய்விடும், பார்வைக்கு எளிதில் தெரியவும் தெரியாது. ஃப்ரீசருக்குக் கீழே ஒட்டிவைத்த பெட்டி அது. எங்கள் ஃபார்மசிஸ்ட் ஒரு குப்பியைக் குலுக்கி மேசைமேல் வைத்தார். சற்று நேரத்தில் வெள்ளையாக அடியில் படிந்துவிட்டது, உறைந்திருந்ததற்கு அடையாளம் அது. பெட்டி முழுவதையும் ஒதுக்கிவிட்டார். வெளியே மாணவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கு முன்னால் “இன்றைக்கு இல்லை” என்று சொல்ல அவருக்குத் துணிச்சல் இருந்ததற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அந்த வாரமே தடுப்பூசிக்கென்றே உள்ள கோல்ட் செயின் ஃபிரிட்ஜ் கேட்டு இன்டென்ட் போட்டோம்.

மூன்றாம் டோஸில்தான் எல்லாக் கல்லூரியும் தோற்கும் என்று பலர் எச்சரித்திருந்தார்கள். ஆறாம் மாதம் ஸ்டடி லீவில் விழுகிறது, எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள். இதற்கு வழி சொன்னவர் தேர்வுப் பிரிவு கிளார்க். ஹால் டிக்கெட் வாங்க எல்லோரும் நேரில் வந்துதானே ஆக வேண்டும், பக்கத்து மேசையில் ஊசி போடுங்கள் என்றார். ஊசி போடாதவருக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று ஆக்கிவிடலாம் என ஒரு பேச்சு வந்தது. டீன் மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி. பயமுறுத்திப் போட்ட ஊசி, அடுத்த முறை குத்துப்பட்டால் வந்து சொல்ல வைக்காது. மேசை பக்கத்தில் இருந்ததே போதுமானதாக இருந்தது, விடுபட்டவர்கள் சிலர்தான்.

கடைசி டோஸுக்கு ஒன்று, இரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு என்று டைட்டர் பார்க்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 10 மில்லி இன்டர்நேஷனல் யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் போதும். குறைந்தவர்களுக்கு இன்னொரு சுற்று. முடிவுகள் வந்த அன்று ஒரு கல்லூரி அலுவலகத்தில் பெயர்ப் பட்டியலோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். எண் குறைந்திருந்த ஒரு பையனிடம் நண்பர்களே “உனக்கு மஞ்சக்காமாலையாடா?” என்று கேட்டிருக்கிறார்கள். எதிர்ப்புச் சக்தி குறைவு என்பது வேறு, நோய் என்பது வேறு. அதை அவன் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டுமா? நானே போய்ப் பட்டியலைக் கிழித்தேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து முடிவு, மூடி ஒட்டிய கவருக்குள், அவரவர் கையில் மட்டும்.

பதிவேட்டில் இப்போது மாணவர் பெயர்கள் இருக்கின்றன. எண்ணிக்கை கூடியதைப் பார்த்து மேலிடத்தில் ஒருவர் கவலைப்பட்டார். முன்பு மறைந்திருந்தது இப்போது தெரிகிறது என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சமீபத்திய பதிவு ஒரு லேப் டெக்னாலஜி மாணவருடையது. குத்திய நேரம் 11.05, மருத்துவர் பார்த்த நேரம் 11.20.

இப்போது என் மேசையில் இருப்பது ஹவுஸ்கீப்பிங் ஆட்களின் கோப்பு. தவறாகக் குப்பைப் பையில் போட்ட ஊசி குத்துவது அவர்களுக்குத்தான். அவர்கள் ஒப்பந்த ஆட்கள் என்பதால் எங்கள் பட்டியலில் வரவில்லை, ஒப்பந்ததாரரும் தன் பொறுப்பில்லை என்கிறார். 2016ன் மருத்துவக் கழிவு விதிகள், அந்தக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடும் பொறுப்பை மருத்துவமனையிடமே கொடுத்திருக்கின்றன. அந்த வரியை நோட்டின் முதல் பத்தியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். கோப்பு இன்னும் நிதி அலுவலகத்தில் இருக்கிறது. நாளைக் காலை நேரிலேயே போய்க் கேட்கப் போகிறேன்.