குமுளி பஸ்ஸில் ஒரு கணக்கு

கம்பத்திலிருந்து குமுளிக்குப் பஸ். மகளுக்குப் பொழுது போக ஒரு கணக்கு கொடுத்தேன்: ஒரு எண்ணை அடுத்த எண்ணால் பெருக்கி 41 கூட்டு. 1-க்கு 43, 2-க்கு 47, 3-க்கு 53. எல்லாம் பகா எண். லோயர் கேம்ப் வருவதற்குள் "எப்பவுமே இப்படித்தான்ப்பா" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

39 வரை சரிதான். 40-இல் 1681. அதாவது 41 பெருக்கல் 41!

ஒரு பிடி ஏலக்காயை அள்ளிப் பார்த்து மூட்டைக்கே விலை பேசுகிறோம். கணிதத்தில் அது செல்லாது. எண்களின் பகாக் காரணிகளைப் பற்றிக் கணித அறிஞர் போல்யா 1919-இல் முன்வைத்த ஊகம் முதலில் உடைவது 90,61,50,257-இல். அதுவரை பார்த்த அத்தனை கோடி சாட்சியும் வீண். ஆனால் அள்ளிப் பார்க்காமல் ஊகமே பிறக்காதே? கோல்ட்பாக் 1742-இல் கணித அறிஞர் ஆய்லருக்கு எழுதிய ஊகமும் (4 முதல் எந்த இரட்டை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம் என்பது) அப்படிப் பிறந்ததுதான், இன்னும் நிரூபணம் இல்லை.

மகளுக்குக் கோபம். "முதல்லயே 40 போடச் சொல்லியிருக்கலாம்ல?"